சும்மாவைத் தெரியுமா?

கன நாளாக எழுதவேணும் எழுதவேணும் என்று நினைத்துத் தள்ளிப்போன விசயம் இது. இன்றைக்கு வேலை இல்லை, வெளியில் மழையும் பெய்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் றூட் 18 பக்கமாக நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எல்லாவகைச் சனமும் வரும். கொஞ்ச நாளைக்கு முன்னர் ஒரு பெரியவர் மகளோடு வந்திருந்தார். தொண்ணூறை நெருங்குகிற வயது, ஆனால் நிமிர்ந்த நடை. நான் குசினிப் பக்கம் திரும்பி "ரெண்டு மசாலாத் தோசை, ஒண்டுக்கு உறைப்புக் குறைச்சு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீர் யாழ்ப்பாணமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கண்டிக்காரர். சிங்களவர். ட்ரினிட்டிக் கல்லூரியில் படித்தவராம். ஓம் என்றேன். அடுத்த கேள்விதான் என்னை விழுத்தியது.

"அப்ப உமக்குச் சும்மாவைத் தெரியுமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சும்மா என்பது நான் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் பாவிக்கிற சொல். சும்மா இரு, சும்மா வந்தனான், சும்மா கதை விடாத. மனிசன் தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறாராக்கும் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மா நவரட்ணம்! ஆசியாவிலேயே வேகமாக ஓடின மனிசன். லயன்ஸ் வந்தபோது ஆடினவர். என்னை அப்பா கூட்டிக்கொண்டு போனவர் பார்க்க. உங்கட ஆளை உமக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாதிரியான ஏமாற்றம். பிறகு தோசை வந்துவிட்டது, நானும் மற்ற மேசைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த "உங்கட ஆள்" என்ற சொல் அன்றிரவு கடை பூட்டி நிலம் கழுவும்வரைக்கும் காதுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அடுத்தடுத்த நாட்களும் வாசித்தேன். அதன் பலன்தான் இந்தப் பதிவு.

முதலில் றகர் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (எனக்கும் தெரியாது. நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம்தான். றகர் பந்தை ரீவியில் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.) பக்கத்துக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்து. கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னுக்கு நிற்பவனுக்குக் கையால் எறியக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவனுக்குத்தான் கொடுக்கவேணும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை நிலத்தில் வைத்தால் அது 'ட்ரை'. இப்போது அதற்கு 5 புள்ளிகள், 1950இல் 3தான்.

சும்மா நவரட்ணம் ஆடிய இடம் 'விங்'. அதாவது ஓரத்துக்காரர். நடுவில் தடித்த ஆட்கள் கட்டிப் புரண்டு எடுக்கிற பந்து, கைமாறிக் கைமாறிக் கடைசியாக ஓரத்துக்கு வரும். வந்தபிறகு அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு பேர்தான். அவர்களைத் தாண்டி ஓடவேணும். அவ்வளவுதான் வேலை. சில ஆட்டங்களில் முழு நேரத்திலும் பந்து இரண்டு மூன்று தரம்தான் கைக்கு வருமாம். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்று காத்திருக்கவேணும், எதிர்ப்பக்க ஓரத்துக்காரன் ஓடிவந்தால் விழுத்தவேணும்.

அவர் 1925இல் பிறந்தவர். கொழும்பு றோயல் கல்லூரி மாணவர். அவர் படித்த காலம் இரண்டாம் உலகப்போர்க் காலம். றோயல் கல்லூரிக் கட்டடத்தை இராணுவ வைத்தியசாலையாக எடுத்துவிட்டார்கள், பெடியள் வேறு வேறு வீடுகளில் இருந்து படித்தார்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலை, அதுதான் றேஸ்கோர்ஸ், விமான ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட வந்தபோது அங்கேயிருந்தும் சண்டை விமானங்கள் எழும்பின. எட்டு வருசம் கழித்து அதே திடலில்தான் அவர் இலங்கைக்காக ஆடினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேணும். 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி நியூசிலாந்து, அவுஸ்திரேலியா சுற்றுப்பயணம் போனது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, அயர்லாந்து நான்கிலிருந்தும் பொறுக்கி எடுத்த அணி. கப்பலில் போய்க் கப்பலில் திரும்பிய கடைசி லயன்ஸ் அணியும் அதுதான். 1955இல் விமானம் வந்துவிட்டது. நியூசிலாந்தில் நான்கு டெஸ்டில் மூன்றில் தோற்று ஒன்றைச் சமன் செய்தார்கள், அவுஸ்திரேலியாவில் இரண்டையும் வென்றார்கள். திரும்பிப் போகிற வழியில் செப்டெம்பரில் கொழும்பில் இறங்கி றேஸ்கோர்ஸில் ஓர் ஆட்டம். ஜாக் கைல், பிளெடின் வில்லியம்ஸ் என்று றகர் உலகம் இன்றும் பெயர் சொல்கிற ஆட்கள் இருந்த அணி. விங் ஆட்டக்காரர்களில் ஒருவர் கென் ஜோன்ஸ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 4x100 அஞ்சலோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் எடுத்த ஓட்டக்காரர்.

முடிவு 44-6. லயன்ஸ் வென்றது. ட்ரை ஒன்றுக்கு 3 புள்ளி கிடைத்த காலத்தில் 44 என்றால் எப்படியான அடி என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோல்வியை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 15 பேருக்குள் நிற்பது அன்றைக்குச் சின்ன விசயம் இல்லை. இலங்கையில் றகர் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் விளையாட்டு. றதல்லை, டறவெல்ல என்று தேயிலை மலைகளுக்கு நடுவில் அவர்களுக்குக் கழகங்களும் மைதானங்களும் இருந்தன. கொழும்பில் இருந்த சி.எச். அன்ட் எஃப்.சி. வெள்ளையர் கழகம். இலங்கையர்கள் ஆடுவதற்கென்று 1922இல் தொடங்கியதுதான் சி.ஆர். அன்ட் எஃப்.சி. சும்மா ஆடியது அந்தக் கழகத்துக்கு. சுதந்திரம் கிடைத்து இரண்டே வருசம், சிலோன் அணியில் இன்னும் வெள்ளையர்கள் நிறைந்திருந்த நேரம். அதற்குள் ஒரு தமிழ்ப் பெடியன் காலின் வேகத்தை வைத்து இடம் பிடித்திருக்கிறார்.

காலின் வேகம் என்று சும்மா சொல்லவில்லை (பார்த்தீர்களா, இந்தச் சொல் விடாது). 1953இல் இந்திய - இலங்கை மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றரை 10.4 வினாடியில் ஓடினார். ஆசியாவின் மிக வேகமான மனிதர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதற்கு முதல் வருசம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தங்கம் எடுத்த அமெரிக்கர் லிண்டி றெமிஜினோவுக்கு அறிவித்த நேரமும் 10.4. அன்றைய உலக சாதனை 10.2. கையால் அமத்துகிற கடிகாரம், வேறு வேறு ஓடுபாதை, வேறு காற்று. ஒன்றையொன்று நேருக்கு நேர் ஒப்பிட ஏலாதுதான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தபோது நான் கதிரையில் நிமிர்ந்து இருந்துவிட்டேன். ஓடி முடித்த பிறகும் அவர் விளையாட்டை விட்டுப் போகவில்லை. பெடியளுக்கு றகர் பழக்கினார். தொண்ணூறு வயது தாண்டிய பிறகும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் அவர் பிறந்தநாளுக்குக் கட்டுரை எழுதின.

ஆங்கிலப் பத்திரிகைகள். அதைத்தான் கவனிக்கவேணும். நான் தமிழில் தேடினேன். கிடைத்தது கொஞ்சத்திலும் கொஞ்சம்.

ரொறன்ரோவில் இருக்கிற ஒரு சிநேகிதனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான். "மச்சான், அது கொழும்புத் தமிழர்ர கதை. வெள்ளைக்காரன்ர விளையாட்டு, றோயல் கொலிச், கிளப்பு. எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கட சனம் பட்ட பாட்டுக்கு அந்தாள் என்ன செய்தது?" என்றான்.

கடைக்கு வந்த பெரியவரோ காசு கட்டிவிட்டுப் போகும்போது வேறொன்று சொன்னார். "அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லைத் தம்பி. சிங்களவன், தமிழன், பறங்கி எல்லாரும் ஒன்றாக ஆடினோம்."

இந்த இரண்டு கதைக்கும் நடுவில்தான் நான் இவ்வளவு நாளும் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் பிழை என்றுதான் நினைக்கிறேன்.

பெரியவரின் கதையை முதலில் எடுப்போம். அவர் பொய் சொல்லவில்லை, தான் கண்டதைச் சொல்கிறார். ஆனால் அந்த ஆட்டத்துக்கு இரண்டு வருசம் முன்னர், 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தில் 7 லட்சம் வரையான தமிழர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. துரைமார் றகர் ஆடிய அந்த மைதானங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் லயன்கள். 1950இல் றேஸ்கோர்ஸில் ஒரு தமிழர் சிலோன் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தபோது, றதல்லையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழச்சிக்கு அந்த நாட்டில் இடமே இல்லை. பிறகு 1956இல் சிங்களம் மட்டும். 1958 மே கடைசியில் நடந்ததைப் பாருங்கள். அந்த வாரம் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு. எங்கட எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதலாவது தங்கத்தை எடுத்துக்கொடுக்கிறார். அதே நாட்களில் இலங்கையில் தமிழர்களை அடித்துக் கொல்கிறார்கள், மே 27ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கிறார்கள். அணியில் ஒரு தமிழன் இருந்ததைக் காட்டி நாட்டில் பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்ல ஏலாது.

சரி, சிநேகிதனின் கதை. இதுதான் எனக்குக் கூடக் கஷ்டம், ஏனென்றால் பத்து வருசத்துக்கு முன்னர் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கொழும்புத் தமிழர், வசதியான பள்ளிக்கூடம், ஆங்கிலம். உண்மைதான். றோயல் கல்லூரிக்குப் போகாத எத்தனையோ தமிழ்ப் பெடியளுக்கு அதே கால் இருந்திருக்கும், பந்து கைக்கு வந்திருக்காது. அதை மறைக்கத் தேவையில்லை, சேர்த்தே சொல்லலாம். ஆனால் "எங்கட சனத்துக்கு என்ன செய்தது" என்ற கேள்வியை ஒவ்வொருவரின் வாசலிலும் வைத்துக்கொண்டு போனால் கடைசியில் எங்களிடம் யார் மிஞ்சுவார்கள்? எதிர்வீரசிங்கத்தையாவது கொஞ்சப் பேருக்குத் தெரியும். யாழ் மத்திய கல்லூரிக்காரர், ஊர்ப் பெடியன். அவரும் 2024இல் இங்கே அமெரிக்காவில்தான், லொஸ் ஏஞ்சலஸில் காலமானார். எங்கள் ஆட்கள் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது?

இந்த இடத்தில் என் சொந்த விசயம் ஒன்றைச் சொல்லவேணும். அகதி விண்ணப்பம் எழுதியவர்களுக்கு இது விளங்கும். நான் இங்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொடுத்தபோது முதல் தரம் இருபது பக்கம் எழுதினேன். வழக்கறிஞர் வாசித்துவிட்டு, தேவையில்லாததை வெட்டச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம் பட்ச்களுக்குள் நடந்த கிரிக்கெட்டில் நான் கடைசி ஓவர் போட்டது வெட்டுப்பட்டது. அப்பாவோடு கீரிமலைக்குச் சைக்கிளில் போனது வெட்டுப்பட்டது. ஒரு நாடகத்தில் நடித்தது, அதில் வசனம் மறந்தது, எல்லாம் வெட்டுப்பட்டது. மிஞ்சியது சோதனைச்சாவடி, கைது, பயம், ஓட்டம். அவர் செய்தது சரி. வழக்கு அப்படித்தான் வெல்லும், வென்றது. ஆனால் கையெழுத்து வைக்க முன்னர் கடைசித் தரம் வாசித்தபோது ஒரு மாதிரி இருந்தது. அதில் ஒரு பொய் கூட இல்லை. ஆனால் அம்மா வாசித்தால் தன் மகன் என்று அடையாளம் கண்டிருக்கமாட்டா.

அந்த விண்ணப்பம் ஓர் அதிகாரிக்காக எழுதியது. பிரச்சினை என்னவென்றால், எங்கள் வரலாற்றையும் நாங்கள் அதே மாதிரித்தான் எழுதிக்கொண்டு வருகிறோம், எங்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறோம். 56, 58, 77, 81, 83, 2009. வருசம் சொன்னால் காணும், மிச்சத்தை நாங்களே சொல்லிவிடுவோம். இவை மறக்கக்கூடாதவை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வழக்குக்கு உதவாது என்பதற்காக 1950ஐயும் 1953ஐயும் வெட்டிவிட்டால், பிள்ளைகளின் கையில் மிஞ்சுவது அடிவாங்கிய ஒரு சனத்தின் கோப்பு மட்டும்தான். அடிவாங்குவதற்கு முன்னர் அந்தச் சனம் என்னவெல்லாம் செய்தது, எதில் கெட்டிக்காரராக இருந்தது என்று தெரியாதவனுக்கு, எதை இழந்தோம் என்பது எப்படி விளங்கும்?

எங்கள் கடையிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் நியூ பிரன்ஸ்விக். 1869 நவம்பர் 6ஆம் திகதி அங்கே றட்கேர்ஸ் மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் பக்கத்துக்கு 25 பேராக ஒரு பந்தாட்டம் ஆடினார்கள். றட்கேர்ஸ் 6-4 என்று வென்றது. அமெரிக்கக் கல்லூரிப் புட்போலின் முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாத, சொக்கருக்குக் கிட்டடியான ஓர் ஆட்டம் அது. அடுத்த கிழமையே பிரின்ஸ்டன் 8-0 என்று திருப்பி அடித்தது. அதன்பிறகு பிரின்ஸ்டனை வெல்ல றட்கேர்ஸுக்கு 1938 வரை எடுத்தது. ஆனாலும் இந்த ஊர்க்காரர் அந்த ஒரு நாளை 150 வருசத்துக்கு மேலாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டம் யாருக்கும் விடுதலை வாங்கிக் கொடுக்கவில்லை. தங்கள் ஊர்ப் பெடியள் ஆடினார்கள் என்ற ஒரு காரணம் அவர்களுக்குக் காணும்.

எங்களுக்கு மட்டும் ஏன் காணாது?

நான் சும்மா நவரட்ணத்துக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. ஒற்றுமைக்கு அடையாளம், இனத்தின் பெருமை என்று பட்டம் கட்டவும் சொல்லவில்லை. அப்படிக் கட்டினால் பெரியவருக்கோ சிநேகிதனுக்கோ வாதாட உதவும், அவ்வளவுதான். 1950இல் கொழும்பு றேஸ்கோர்ஸில் உலகத்தின் மிகத் திறமான அணிகளில் ஒன்றுக்கு எதிராக ஒரு தமிழர் விங்கில் நின்றார். அணி 44-6 என்று தோற்றது. மூன்று வருசம் கழித்து 10.4 வினாடியில் 100 மீற்றர் ஓடினார். இவ்வளவையும் உள்ளபடி தமிழில் எழுதி வைத்தால் போதும். மலையகத்தின் கதையையும் அதே பக்கத்தில் எழுதுவோம்.

இதை வாசிக்கிறவர்களில் கொழும்பில் படித்த பெரியவர்கள் வீட்டில் இருக்கிறவர்கள் யாரும் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். றேஸ்கோர்ஸிலும் லோங்டன் பிளேசிலும் அந்த நாளையில் ஆட்டம் பார்த்தவர்களோ என்று கேளுங்கள். கொக்குவில், மட்டக்களப்பு, பதுளை என்று எந்த ஊராக இருந்தாலும், அங்கே யார் ஓடினார்கள், யார் பாய்ந்தார்கள், எந்த மைதானத்தில் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அந்தப் பெரியவர் பிறகு கடைக்கு வரவில்லை. வந்தால் உறைப்புக் குறைத்த மசாலாத் தோசையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நானே கதையைத் தொடங்குவேன். சும்மாவை இப்ப எனக்கும் தெரியும் என்று சொல்லவேணும். அதோடு அந்தக் காலத்தில் பிரச்சினை இல்லை என்று சொன்னீர்களே, அதைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க இருக்கு என்று சொல்லவேணும்.